உரிமை கோரப்படாத நான்கு நிமிடங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடந்த அத்தனை கூத்துக்கும் மூலகாரணம் நான்தான். அலுவலகத்தின் மேல் பழியைப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் வரிசைக்கிரமமாக யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு படியிலும் ஸ்கேலும் பென்சிலுமாக நின்றுகொண்டிருப்பது நான்.

பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுவது என் வேலை. பதினாறு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். இருநூற்றுப் பதினான்கு வண்டிகளில் எது எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது அங்கே உண்மையிலேயே நிற்கிறதா என்பது வேறு பிரிவின் பொறுப்பு. பணிமனையில் என்னை 'அட்டவணை' என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். அவள் வாயில் அது வசவு மாதிரி கேட்டது.

பிரிவதற்கு முன் அவள் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. "உங்ககூட வாழறது பஸ் ஸ்டாப்ல நிக்கற மாதிரியே இருக்கு."

எந்த ஸ்டாப் என்று கேட்டேன். அந்தக் கேள்வியோடு பத்து வருஷக் குடித்தனம் முடிந்தது.

அவள் இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டு போனாள். ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை. பிறர் வாயைத் திறக்கவைத்துப் பழகியவள், என்னிடம் மட்டும் வாயை மூடச் சொல்லியே களைத்துவிட்டாள். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. வாண்டு என்று கூப்பிடுவோம். பிரிந்த பிறகு ஏழு மாதம் எந்த ஏற்பாடும் இல்லாமல் வண்டி ஒழுங்காகவே ஓடியது. வாண்டுக்கு எங்கே இருக்கத் தோன்றுகிறதோ அங்கே பையைத் தூக்கிக்கொண்டு போவாள். பென்சில் டப்பா ஒரு வீட்டில் இருக்கும், ஒரு செருப்பு இன்னொரு வீட்டில் இருக்கும். ஆள் எங்காவது ஓரிடத்தில் இருப்பாள். அதில் எனக்கிருந்த ஒரே குறை, அது எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை என்பது.

அந்தக் குறையைப் பள்ளிக்கூடம் தீர்த்துவைத்தது. பிரிந்து வாழும் பெற்றோர், எந்த நாளில் பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்று உத்தரவு கொண்டுவர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த உத்தரவைத் தரும் இடம், பிள்ளை நேரப் பங்கீட்டு அலுவலகம்.

மூன்றாம் மாடி. வாசலில் பெரிய பலகை: 'குழந்தையின் நலனே எங்கள் மூச்சு.' அதற்குக் கீழே சின்னப் பலகை: 'குழந்தைகளை உள்ளே அழைத்து வரக் கூடாது.'

கவுண்டரில் இருந்த அம்மாள் ஒரு படிவத்தைத் தள்ளினார். அதில் பல இடங்களில் 'நீர்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு மேலே 'பிள்ளை' என்று எழுதியிருந்தார்கள். பிள்ளையின் இருப்பிடம், பிள்ளையின் நிறம் ஆகியவற்றை நிரப்பிவிட்டோம். எட்டாவது கேள்வியில் நின்றோம்: 'பிள்ளையில் கசிவு ஏதேனும் உண்டா?'

"என்னங்க இது?" என்று கேட்டேன்.

"உண்டா இல்லையான்னு போடுங்க சார். காலியா விட்டா மெஷின் ஏத்துக்காது."

மனைவி பேனாவை வாங்கி, 'சளி பிடித்தால் மட்டும்' என்று எழுதினாள்.

நேர அலுவலரின் அறைக்குள் அனுப்பினார்கள். தடித்த கண்ணாடி, மேஜை மேல் கால்குலேட்டர், சுவரில் மூன்று கடிகாரம். மூன்றும் ஒரே நேரம் காட்டின. கசிவு பற்றிக் கேட்டதும் அவர் பெருமையோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"முப்பது வருஷம் இந்த ஆபீஸ் தண்ணி பங்கீடு பண்ணுச்சு சார். ஒரு சொட்டு வீணானதில்ல. அப்புறம் ஆறு வத்திப்போச்சு. அதுக்காக ஆபீஸை மூட முடியுமா? நாப்பது ஸ்டாஃப் இருக்கோம். மேலிடத்துல உட்காந்து யோசிச்சாங்க, இந்த ஊர்ல இன்னும் வத்தாம ஓடறது எதுன்னு. புருஷன் பொண்டாட்டி சண்டைதான்! ஒரே வாரத்துல மாத்திட்டாங்க. சட்டப் புத்தகம் அதேதான். அட்டை மட்டும் புதுசு."

"குழந்தைங்க விஷயம் கொஞ்சம் வேற மாதிரி இல்லையா சார்?" என்றாள் மனைவி.

"அதனாலதாம்மா என்னைப் போட்டிருக்காங்க. எனக்குக் கல்யாணம் ஆகல. கூடப் பொறந்தவங்க கிடையாது. குழந்தைங்களைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இப்படி ஒரு நடுநிலையான ஆள் உங்களுக்கு எங்கேயும் கிடைக்க மாட்டான்."

நான் பணிவாக எங்கள் யோசனையைச் சொன்னேன்: பள்ளி நாளில் அம்மா, விடுமுறை நாளில் அப்பா, நடுவில் அவள் இஷ்டம். அலுவலர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

"இஷ்டம்னு ஒரு காலமே கிடையாது சார். சட்டம் ஒரே வார்த்தைதான் சொல்லுது, சமம். வாரத்துக்குப் பத்தாயிரத்து எண்பது நிமிஷம். எந்த நிமிஷம் யாரோடதுன்னு எழுத்துல வரணும். நாப்பது நாளைக்குள்ள வரலைன்னா, பிள்ளை மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை இந்த ஹால்ல ஆளுக்கு ஒரு மணி நேரம். மத்த நேரம் விடுதி."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. என் முகத்தைப் பற்றி அவள் பிற்பாடு சொன்னாள்: "விடுதின்னு சொல்றாரு, நீங்க என்னமோ பரிசு விழுந்தவர் மாதிரி உட்காந்திருந்தீங்க."

உண்மைதான். பத்தாயிரத்து எண்பது என்று கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. வாழ்க்கையில் முதல் தடவையாக, என் குடும்பப் பிரச்சினை ஒன்று எனக்குத் தெரிந்த வேலையாக வந்து வாசலில் நிற்கிறது.

பதினோரு நாள் உட்கார்ந்து போட்டேன். அம்மாவுக்குச் சிவப்பு, அப்பாவுக்கு நீலம். தூங்கும் நிமிடம், பல் தேய்க்கும் நிமிடம், பள்ளி நிமிடம் என எதையும் விடவில்லை. சரிபாதியாக வகுத்தபோது ஒரே ஒரு சங்கடம் வந்தது. புதன்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு நான் பிள்ளையை வாங்கினால், ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து இருபதுக்குத் திருப்பித் தர வேண்டும். கணக்கு அப்படித்தான் வந்தது. நான் கணக்கை மாற்றுகிற ஆள் இல்லை.

மூன்று வாரம் சோதனை ஓட்டம் விடும்படி அலுவலகம் சொன்னது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. விடிந்தும் விடியாத நேரத்தில், இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள பேருந்து நிறுத்தத்தில், ஸ்வெட்டருக்குள் கண்ணை மூடியபடி நிற்கும் மகள். இந்தப் பக்கம் கடிகாரத்தோடு நான். அந்தப் பக்கம் தலைகூட வாராமல் அவள் அம்மா.

"பால்காரன்கூட இன்னும் வரல," என்பாள். "உங்க அட்டவணைக்குத் தூக்கம் வராதா?"

ஒரு வியாழக்கிழமை வாண்டு பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்து கேட்டாள்: "அப்பா, இப்ப நான் யாரோட நிமிஷம்?"

"அப்பா நிமிஷம்."

"அப்ப அம்மாவுக்கு போன் பண்ணினா அது யார் கணக்குல வரும்?"

நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டேன். பேச்சு நிமிடங்களுக்குத் தனிக் கட்டம் சேர்த்தேன். அவள் போன் செய்யவில்லை என்பதைக் குறிக்க மறந்துவிட்டேன்.

அட்டவணையைப் பார்த்த நேர அலுவலர் எழுந்தே நின்றுவிட்டார். "முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு வேலை பார்த்ததில்ல சார்!" தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கவுண்டர் அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். பாராட்டுக் கடிதம் ஒன்று கொடுத்தார். அடுத்த வாரமே என் அட்டவணையை அச்சடித்து எல்லோரும் நிரப்ப வேண்டிய கட்டாயப் படிவமாக்கிவிட்டார்கள். ஒருவருக்குப் பதினான்கு பக்கம்.

எங்கள் உத்தரவுக்கான விசாரணை நாளன்று அலுவலகக் கூடத்தில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு முடிதிருத்துபவர் உட்கார்ந்திருந்தார். இரட்டைப் பிள்ளைகளாம், இருபத்தெட்டுப் பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லு தேய்க்கிற நிமிஷத்தையெல்லாம் எவன் சார் கேட்பான்? இதைப் போட்டவன் மட்டும் என் நாற்காலியில வந்து உட்காரட்டும். கத்தி என் கையில இருக்கும்."

"ஆமாங்க, அநியாயம்தான்," என்றேன். பத்தாம் பக்கத்தை நிரப்ப அவருக்கு உதவினேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அதுவரை நான் முடிவெட்டப் போய்க்கொண்டிருந்த கடைக்கு அடுத்த மாதத்திலிருந்து போகவில்லை. அவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டுவைக்கத் துணிச்சல் வரவில்லை.

உள்ளே அலுவலர் கால்குலேட்டரில் கூட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை கூட்டினார். மறுபடி கூட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறை கூட்டினார்.

"அப்பா தரப்பு ஐயாயிரத்து முப்பத்தெட்டு. அம்மா தரப்பு ஐயாயிரத்து முப்பத்தெட்டு. சமம், நல்லது. ஆனா மொத்தத்துல நாலு நிமிஷம் குறையுதே சார்?"

தாளை வாங்கிப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. பேருந்து கடைசி நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தால் உடனே கிளப்ப மாட்டோம். வண்டியும் ஓட்டுநரும் மூச்சு வாங்க இரண்டு நிமிடம் விடுவோம். பதினாறு வருஷக் கைப்பழக்கம். புதன் மாலையில் ஒரு இரண்டு நிமிடம், ஞாயிறு காலையில் ஒரு இரண்டு நிமிடம், மகளுக்கும் விட்டிருக்கிறேன். ஐந்து பதினெட்டுக்கு ஒரு கை விட்டுவிடுகிறது. ஐந்து இருபதுக்குத்தான் இன்னொரு கை பிடிக்கிறது.

"அந்த நாலு நிமிஷம் பிள்ளை யார்கிட்ட இருந்துச்சு?"

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னுட்டு இருந்தா சார்," என்றாள் மனைவி. "ஆளுக்கு ரெண்டு ரெண்டா எடுத்துக்கறோம். இதுக்கா இவ்வளவு?"

"தாக்கல் ஆனதைத் திருத்த முடியாதும்மா." புத்தகத்தைப் பிரித்தார். "பிரிவு பதினொன்று. எந்தத் தரப்பாலும் உரிமை கோரப்படாத நீர், அதாவது பிள்ளை, அலுவலகத்தின் இருப்பில் சேரும்."

அடுத்த ஞாயிறு காலை ஐந்து பதினேழுக்கு, பேருந்து நிறுத்தத்தில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. மஃப்ளர் சுற்றிக்கொண்டு நேர அலுவலர் இறங்கினார். பின்னாலேயே பதிவேட்டோடு கவுண்டர் அம்மாள், கொட்டாவி விட்டபடி. நான் கையெழுத்திட்டு மகளை அலுவலகத்திடம் ஒப்படைத்தேன். இரண்டு நிமிடம் கழித்து அலுவலகம் கையெழுத்திட்டு அவளை அம்மாவிடம் ஒப்படைத்தது. 'பிள்ளை நல்ல நிலையில் பெறப்பட்டது, கசிவு இல்லை.'

இடைப்பட்ட இரண்டு நிமிடமும் அலுவலர் விறைப்பாக நின்று எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அவள் பையின் வாரைப் பிடித்திருந்தார்.

மூன்றாவது தடவை வாண்டுக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், உங்களுக்குக் கைதட்டு விளையாட்டுத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

கற்றுக்கொடுத்தாள். அவருக்குத் தாளமே வரவில்லை. வலது கைக்கு இடதையும் இடதுக்கு வலதையும் நீட்டினார். "அய்யோ அங்கிள், அந்தக் கை!" என்று வாண்டு சிரித்தாள். அந்த வேளையில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கவுண்டர் அம்மாள் இருமி, நேரம் ஆகிவிட்டது என்று காட்டினார். கையெழுத்துப் போடும்போது அலுவலரின் பேனா சற்றே தயங்கியது. அதை நான் கவனித்தேன். நேரம் தவறும் எதையும் நான் கவனிப்பேன்.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. அலுவலகம் இப்போது நான்கு நிமிடத்துக்கு உரிமை பெற்றுவிட்டது. ஆகவே அதுவும் ஒரு தரப்பு. தரப்புகள் அனைத்தும் சமம் என்பது சட்டம். ஆகவே மூன்று தரப்புக்கும் தலா மூவாயிரத்து முந்நூற்று அறுபது நிமிடம். அதாவது, என் மகள் வாரத்தில் இரண்டு நாளும் எட்டு மணி நேரமும் அந்த மூன்றாம் மாடியில் இருப்பாள். ஆவண அறையில் கட்டில் போட டெண்டர் விட்டிருப்பதாகவும், கட்டிலுக்கு அடியில் இருக்கும் கோப்புகளைப் பிள்ளை தொடக் கூடாது என்றும் குறிப்பு இருந்தது.

விசாரணைக்கு மனைவி வாண்டுவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கவுண்டர் அம்மாள் பலகையைக் காட்டினார்.

"ஏங்க, நீங்க இப்ப பங்குதாரர்," என்றாள் மனைவி. "வாரத்துல ரெண்டு நாள் வச்சுக்கப்போற பிள்ளையை உள்ளே விடமாட்டேன்னா எப்படி?"

கவுண்டர் அம்மாள் சற்று நேரம் யோசித்துவிட்டு வழிவிட்டார்.

அலுவலர் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் ஆசைப்பட்டுச் செய்யறேன்னு நினைக்காதீங்க. சட்டம் சமம்னு சொல்லுது. நான் என்ன பண்ண முடியும்? மூணு தரப்பும் ஒத்துக்கிட்ட புது அட்டவணை இன்னைக்கே வந்தாகணும். இல்லைன்னா விடுதிதான்."

இனி வருவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பத்தாயிரத்து எண்பது மூன்றால் மீதமில்லாமல் வகுபடுகிறது என்பது எனக்கு அந்த நேரத்தில் அழகாகப் பட்டது. பையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். அலுவலகத்துக்கு மஞ்சள் என்று தீர்மானித்து, மஞ்சள் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

"நீங்க மனுஷன்தானா?" என்றாள் மனைவி. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "பிள்ளையைக் கூறு போட்டுக் குடுக்க, பென்சில் சீவறீங்க."

கை நின்றுவிட்டது. பென்சில் தூள் மேஜை மேல் கிடந்தது. எத்தனை நிமிடம் அப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

வாண்டு என் பக்கத்தில் வந்து அட்டவணையை எட்டிப் பார்த்தாள். "இதுல சிவப்பு அம்மாவோடதா?"

"ஆமாம்மா."

"நீலம் உங்களோடது. மஞ்சள் அங்கிளோடது." விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போனாள். தாளின் கடைசி வரை போனாள். "என்னோடது எதுப்பா?"

நானும் தேடினேன். பதினான்கு பக்கமும் புரட்டினேன். நான் போட்ட அட்டவணை. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று அதில் காட்ட முடியாது.

"உனக்கு எவ்வளவு வேணும்?" என்று கேட்டேன். இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. கேட்ட எனக்கே அது அந்நிய பாஷை மாதிரி இருந்தது.

"மொத்தமும்தான்," என்றாள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிரிந்த பிறகு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை யோசித்தது அப்போதுதான். அவள் தலையசைத்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து எழுதினேன்: அப்பா தரப்பு 0. அம்மா தரப்பு 0. அலுவலகத் தரப்பு 0. பிள்ளை 10,080.

அலுவலர் கால்குலேட்டரை இழுத்துக்கொண்டார். பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்தைக் கழித்தார். மறுபடி பூஜ்யத்தைக் கழித்தார். மொத்தத்தைக் கூட்டினார். ஒரு நிமிடமும் குறையவில்லை.

"சமமாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக. "ஆனா பிள்ளை நிமிஷத்தைப் பிள்ளைகிட்டயே குடுக்கறதுக்கு..." புத்தகத்தைப் புரட்டினார். முதலிலிருந்து கடைசி வரை. கவுண்டர் அம்மாளும் வந்து கூடப் புரட்டினார். தடைசெய்யும் பிரிவு ஒன்றுகூட இல்லை. அடித்து எழுதியவற்றை விட்டுவிட்டால், அந்தப் புத்தகத்துக்குள் பிள்ளை என்ற சொல்லே எங்கும் இல்லை.

"தண்ணி, தன்னைத்தானே கேட்டதில்ல சார்," என்றார். "அதனால எழுதாம விட்டுட்டாங்க போலிருக்கு."

முத்திரை குத்தினார். குத்திவிட்டு முத்திரைக் கட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாண்டுவைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, அந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு நிமிஷம்... அது இனிமே இல்லையா?"

"காலையில வேணாம் அங்கிள், தூக்கம் வருது," என்றாள். "சாயங்காலம் பார்க்குக்கு வாங்க. ஆனா கைதட்டு ஒழுங்காக் கத்துக்கிட்டு வாங்க."

அவர் நாட்காட்டியில் அதைக் குறித்துக்கொண்டார்.

மூவரும் படியிறங்கினோம். புதன்கிழமை, மணி ஐந்து இருபத்தைந்து. பழைய அட்டவணைப்படி ஐந்து நிமிடமாக அவள் என்னுடையவள். என் கை தன்னால் அவள் பைக்கு நீண்டது.

"அப்பா, நான் அம்மாகூடப் போறேன்," என்றாள் வாண்டு. "நாளைக்கு லைப்ரரி புத்தகம் திருப்பிக் குடுக்கணும். அது அங்கதான் இருக்கு."

"சரிம்மா," என்றேன். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அலுவலர் பையின் வாரைப் பிடித்திருந்தது ஏன் என்று அப்போது புரிந்தது. நாளை வருவாளா, மறுநாளா, இந்த வாரமே இல்லையா என்று தெரிந்துகொள்ள இனி எந்தக் கட்டத்தையும் பார்க்க முடியாது. குத்திக் காட்ட இவ்வளவு நல்ல சந்தர்ப்பத்தை மனைவி விட்டது அதிசயம்தான்.

இருவரும் பத்தடி நடந்திருப்பார்கள். வாண்டு திரும்பினாள்.

"அப்பா! சனிக்கிழமை நீங்க சும்மாதானே இருப்பீங்க?"

சனிக்கிழமை பணிமனையில் எனக்கு முழு நாள் வேலை. புதிய கால அட்டவணை அமலுக்கு வருகிறது. இருநூற்றுப் பதினான்கு வண்டிகளும் என்னைத்தான் எதிர்பார்த்திருக்கும்.

"சும்மாதாம்மா இருப்பேன்," என்றேன்.